நவதுறவகத்திலிருந்து திரும்புவது குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்த பெண் ஒருவர், முதல் வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) கொடுக்கும் முன்னரே வீடு திரும்பினால், ஏதோ தவறு செய்துவிட்டு வந்தவரைப் போல ஊரார் அவரைப் பார்ப்பது மிகுந்த வேதனை தருகிறது. என் தங்கை, வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக் காலமான நவதுறவில் எட்டு மாதம் இருந்துவிட்டு வந்து, தகரப் பெட்டியைத் திண்ணையில் இறக்கி வைப்பதற்குள், "ஏன் அனுப்பிவிட்டார்கள்?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார். தானே முடிவெடுத்து வந்ததாக அவள் சொல்லியும் அவர் நம்பவில்லை. முன்பு பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்றவள், இப்போது கோயிலின் கடைசிப் பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டு அமர்கிறாள்.

திருச்சபைச் சட்டத் தொகுப்பு (1983), நவதுறவு செல்லத்தக்கதாக அமைய 12 மாதங்கள் தேவை என்று வரையறுப்பதோடு, அக்காலத்தில் நவதுறவி தம் விருப்பப்படி சபையை விட்டு விலகலாம் என்றும் தெளிவாகக் கூறுகிறது. தமக்குத் துறவற வாழ்வுக்கான இறை அழைத்தல் உண்டா என்பதை அவரும், அவர் இவ்வாழ்வுக்கு ஏற்றவரா என்பதைச் சபையும் தேர்ந்து தெளியவே அந்தக் காலம் வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே, ஆராய்ந்து 'இல்லை' என்று கண்டவரும் நவதுறவின் நோக்கத்தை நிறைவேற்றியவரே என்பது என் உறுதியான எண்ணம்.

பங்குத்தந்தையர் இதை மறையுரையில் எடுத்துச் சொல்ல வேண்டும். பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே சபையினர் பெற்றோரிடம் இதை விளக்குவதோடு, திரும்புவோர் விட்ட படிப்பைத் தொடரவும் உதவ வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்