‘ரெண்டு மாசத்துல வந்த நோய்’ இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புற்றுநோய் பற்றி உங்கள் நாளிதழில் எது வந்தாலும் ஒரு வரி விடாமல் படிப்பவள் நான். பெரும்பாலும் புது மருந்து கண்டுபிடித்தார்கள் என்று வருகிறது, இல்லாவிட்டால் எதைச் சாப்பிட்டால் நோய் வராது என்று வருகிறது. கட்டி உடம்புக்குள் எத்தனை வருடம் இருந்தது, எப்படி மாறியது, எப்போது பரவ ஆரம்பித்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் ஒரு துறையே இருக்கிறது. அதைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

காரணம் எங்கள் அம்மா. கணையப் புற்றுநோய். வயிற்று வலி என்று காட்டப் போனபோதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது, அதன்பிறகு நான்கு மாதம்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ‘தீபாவளிக்குக்கூட நல்லாத்தானே இருந்தாங்க, அப்புறம் ரெண்டே மாசத்துல எப்படி கல்லீரல் வரைக்கும் பரவுச்சு?’ என்றார்கள், அப்புறம் குரலைத் தாழ்த்தி ‘நீங்களாவது முன்னாடியே கவனிச்சிருக்கலாம்’ என்றார்கள். அம்மாவோடு இருந்தது என் தம்பி. அந்த வார்த்தையை அவன் இன்றுவரை மறக்கவில்லை.

நான் கல்லூரியில் புள்ளியியல் பாடம் நடத்துபவள், மருத்துவம் தெரியாது. ஆனால் இந்த ஆய்வுகளில் பாதிக்குமேல் நிகழ்தகவுக் கணக்கு என்பதால் உட்கார்ந்து படிக்க முடிந்தது. 1976-ல் பீட்டர் நோவெல் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிய கட்டுரையிலிருந்து இது தொடங்குகிறது. கட்டி என்பது ஒரே மாதிரி செல்களின் குவியல் இல்லை, ஒரு செல்லில் ஆரம்பித்து, பிரியப் பிரிய மரபணுவில் பிழைகள் சேர்ந்து, அவற்றில் தாக்குப்பிடிக்கிற வாரிசுகள் பெருகி மற்றவற்றைத் தள்ளிவிடுகின்றன, அதாவது உள்ளே நடப்பது பரிணாமம் என்றார் அவர்.

அந்த வம்சாவளியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஏட்டுச்சுவடி பதிப்பிப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நூலுக்கு ஐந்து பிரதிகள் கிடைத்து, மூன்றில் மட்டும் ஒரே இடங்களில் ஒரே எழுத்துப்பிழைகள் இருந்தால், அந்த மூன்றுக்கும் தாய்ச்சுவடி ஒன்று என்று முடிவு செய்வார்கள் அல்லவா, கணினி செய்வதும் அதுதான். கட்டியின் பல பகுதிகளிலும் பரவிய உறுப்புகளிலும் துண்டு எடுத்து டிஎன்ஏவைப் படித்தால், எல்லாவற்றிலும் இருக்கிற பிழை பழையது, அது அடிமரம். ஒரு துண்டில் மட்டும் இருப்பது பின்னால் வந்த கிளை. கஷ்டம் என்னவென்றால் ஒரு துண்டிலேயே பல வம்சத்துச் செல்கள் கலந்து கிடக்கும், நல்ல செல்களும் நடுவில் இருக்கும். பல சுவடிகளைக் கிழித்து ஒரே கூடையில் கொட்டிக் கொடுத்த மாதிரி. ஒரு மரபணுவின் ஒரே இடத்தைப் படித்த 100 டிஎன்ஏ துணுக்குகளில் ஒரு பிழை 20-ல் இருந்தால், ஒவ்வொரு செல்லிலும் அந்த மரபணுவுக்கு இரண்டு பிரதி, பிழை ஒன்றில்தான் என்று வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 40 சதவீத செல்களில் அது இருக்கிறது என்று கணிப்பார்கள். இப்படி ஆயிரக்கணக்கான பிழைகளை வைத்து எவை சேர்ந்தே வருகின்றன என்று பிரிக்க வேண்டும், அப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் பொருந்திப்போவதுண்டு. எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது.

2010-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு கட்டுரையைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், கணையப் புற்றுநோயால் இறந்த 7 பேரின் கட்டிகளை இந்த முறையில் ஆராய்ந்தார்கள். முதல் பிழை விழுந்ததிலிருந்து, இன்னும் பரவாத புற்றுக்கட்டியின் முதல் செல் உருவாகக் குறைந்தது 10 வருடம். பரவும் திறன் வர மேலும் குறைந்தது 5 வருடம். அதன்பிறகு சராசரியாக 2 வருடத்தில் மரணம். இதைப் படித்த அன்று ராத்திரியே தம்பிக்குப் போன் பண்ணினேன். 15 வருடத்துக்கு முன்னால் அவன் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.

சராசரி சராசரிதான், அம்மாவுக்கும் அப்படியே நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. 2016-ல் கனடாவின் டொரொண்டோ குழு நூற்றுக்கும் மேற்பட்ட கணையக் கட்டிகளைப் பார்த்துவிட்டு, பலவற்றில் குரோமோசோம் (செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழை) ஒரே அடியில் சிதறி ஒட்டிக்கொண்டிருக்கிறது, எல்லாமே மெதுவாகப் படிப்படியாக வளரவில்லை என்று எழுதியது. வலி வந்தால் உடனே போக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தம்பி அந்த இரண்டு மாதத்தை மட்டும் நினைத்து மருகுவது சரியில்லை.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். 2012-ல் லண்டனில் சார்லஸ் ஸ்வான்டன் குழு சிறுநீரகக் கட்டியில், கண்ட பிழைகளில் 63 முதல் 69 சதவீதம் கட்டியின் எல்லாப் பகுதிகளிலும் இல்லை என்று காட்டியது. ஒரு இடத்தில் எடுத்த பயாப்சி, அதாவது சோதனைக்கு வெட்டி எடுக்கும் சிறு துண்டு, மொத்தக் கட்டியையும் சொல்லிவிடாது என்பது இதிலிருந்து புரிகிறது. புளோரிடாவில் மாஃபிட் புற்றுநோய் மையத்தில் ராபர்ட் கேட்டன்பி குழு புராஸ்டேட் (ஆண்களின் சுரப்பி) புற்றுநோயாளிகளுக்கு, நோயின் அளவைக் காட்டும் பிஎஸ்ஏ என்ற ரத்த அளவு பாதியாகக் குறைந்ததும் அபிராடெரோன் மருந்தை நிறுத்தி, பழைய அளவுக்கு ஏறியதும் திரும்பக் கொடுத்தது. மருந்துக்கு அடங்கும் செல்களை மிச்சம் வைத்தால், அடங்காதவை தலைதூக்க அவை இடம் கொடுக்காது என்பது கணக்கு. 2022-ல் வெளியான முடிவில் இப்படி எடுத்துக்கொண்ட 17 பேருக்கு நோய் மீண்டும் முற்ற 33.5 மாதம் ஆனது, வழக்கமான முறையில் 14.3 மாதம். சின்ன ஆய்வுதான். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது, நீங்கள் எழுதினாலும் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். புற்றுநோய் மருத்துவர் ஒருவரையும் கணக்குத் தெரிந்த ஒருவரையும் சேர்ந்து எழுதச் சொல்லுங்கள். அந்த 7 பேரைப் பற்றியும் ஒரு வரி வரட்டும். இறந்த சில மணி நேரத்திலேயே உடலைத் திறந்து துண்டு எடுக்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது, ஆனால் என் தம்பியிடம் நான் சொன்ன பதில் அவர்களிடமிருந்து வந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி