ஏழாம் நம்பர் வீட்டுக்கு

கூலாய், ஜொகூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஏழாம் நம்பருக்கு,

எட்டாம் நம்பர் எழுதுகிறேன். நீ அனுப்பிய குரல் பதிவை அம்மாவும் நானும் இரண்டு தடவை கேட்டோம். உன் குரல் மாறவே இல்லை என்றார் அம்மா. அவருக்கு முட்டிவலிதான், மற்றபடி நலம். தோட்டத்தில் நம் வரிசை வீடுகள், நம் லயம், இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. கோயிலும் கோயிலடி வேம்பும்தான் மிச்சம். திருவிழாவுக்கு இந்த வருடமாவது வந்துவிடு.

சரி, நீ கேட்ட விஷயம். உங்கள் பழைய அடுக்குமாடியை இடித்துவிட்டு, தொழிற்சாலையில் செய்த பெட்டி வீடுகளை அடுக்கிப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம், கையெழுத்துக் கேட்கிறார்களாம். "நீ அந்த வேலையில்தானே இருக்கிறாய், நம்பலாமாடி?" என்றாய். பெட்டியை நம்பலாம். பெட்டியும் பெட்டியும் சேருகிற இடத்தைத்தான் நன்றாக விசாரிக்க வேண்டும். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் கிளமென்ட் கெனப்பி என்று இரண்டு கோபுரங்கள், ஒவ்வொன்றும் 40 மாடி, 140 மீட்டர் உயரம். 2019-இல் கட்டி முடித்தார்கள். அதன் கான்கிரீட் கூடுகளை இங்கே செனாயில்தான் வார்த்தார்கள். அந்தப் பக்கம் கொண்டுபோய் ஓடு, ஜன்னல், குழாயெல்லாம் பொருத்தி, பிறகு கிரேனில் தூக்கி அடுக்கினார்கள். இப்படி ஒரு கான்கிரீட் பெட்டி 20, 30 டன் இருக்கும். லோரியில் ஏறி ரோட்டில் போக வேண்டும் என்பதால் அகலம் 3 மீட்டரைச் சுற்றித்தான். ஹால் பெரிதாக வேண்டுமென்றால் இரண்டு பெட்டியை ஒட்டி வைத்து நடுச்சுவரைத் திறந்து வார்ப்பார்கள். உங்கள் இடம் மாதிரி சுற்றிலும் வீடும் பள்ளிக்கூடமும் நெருக்கியடிக்கும் ஊருக்கு இந்த முறை நல்லது. மணலும் செங்கல்லும் கொட்ட இடம் தேட வேண்டாம், தூசும் சத்தமும் குறையும். அங்கே அஸ்திவாரம் போடும்போதே இங்கே பெட்டி தயாராகும், நீங்கள் வாடகை வீட்டில் கிடக்கும் மாதங்களும் குறையும்.

பெட்டி வார்க்கிற யார்டில் என் வேலை குளியலறை பார்ப்பது. தரையில் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து, இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விடுவோம். மறுநாள் காலை பெட்டிக்கு அடியில் நுழைந்து, டார்ச் அடித்து, தளத்தின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவேன். கண்ணுக்குத் தெரியாத ஈரம் கைக்குத் தெரியும். முன்பு இருந்த ஒரு யார்டில், குழாயைச் சுற்றி ஒரே ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுத்தேன். லோரி காத்திருக்கிறது என்று கொஞ்சம் சிலிகான் பூசி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சொட்டு இப்போது யார் வீட்டுக்குள் விழுகிறதோ என்று மழை பெய்யும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அந்த மாதமே அங்கிருந்து நின்றுவிட்டேன்.

இவ்வளவு பார்த்தாலும் நான் பார்ப்பது தனிப் பெட்டியைத்தான். அடுக்கிய பிறகு சுவருக்கும் சுவருக்கும் நடுவில் கம்பி இறக்கி, கிரவுட் என்கிற சிமெண்டுக் குழம்பை ஊற்றி நிரப்புவார்கள். மூடிய பிறகு அது யார் கண்ணிலும் படாது. 1968 மே 16 அன்று லண்டனில், வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், 18-ஆம் மாடியில் ஓர் அம்மா விடியற்காலையில் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கேஸ் கசிந்திருந்தது. வெடித்த வேகத்தில் ஒரு சுவர்ப் பலகை வெளியே போக, மேல் மாடிகள் சரிந்து, அந்த மூலையே கீழ்வரை இறங்கிவிட்டது. 4 பேர் இறந்தார்கள். பலகைகளை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டியிருக்கவில்லை. ஒரு துண்டு போனால் கட்டடமே போகக்கூடாது என்று அங்கே விதியை மாற்றியது அதற்குப் பிறகுதான். இப்படிப் பலகை அடுக்கும் அதே லார்சன்-நீல்சன் முறையில், அதே காலத்தில், கோலாலம்பூர் ஜாலான் பெக்கெலிலிங்கிலும் 17 மாடி அடுக்குகளைக் கட்டினார்கள். அவை பல வருடம் நின்று, பிறகு இடிபட்டன. உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. கிரவுட் ஊற்றும்போது யார் நின்று பார்ப்பார்கள், படம் எடுத்து வைப்பார்களா என்று கூட்டத்தில் எழுந்து கேள்.

இன்னொன்று. நம் சிப்பாங் விமான நிலையத்தை வடிவமைத்த கிஷோ குரோகாவா, 1972-இல் தோக்கியோவில் நக்காகின் கேப்சூல் கோபுரம் கட்டினார். 140 குட்டிப் பெட்டிகள், ஒவ்வொன்றும் நாலு போல்ட்டில் தொங்கும். 25 வருடத்துக்கு ஒருமுறை பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டலாம் என்பது திட்டம். ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஒன்றைக் கழற்ற மேலே இருப்பதையும் கழற்ற வேண்டும், வீட்டுக்காரர்களும் ஒரே பேச்சுக்கு வரவில்லை. ஒழுகி, துருப்பிடித்து, 2022-இல் பிரித்துவிட்டார்கள். அதனால் உங்கள் குழாய்கள் எங்கே ஓடும் என்று வரைபடத்தில் பார். தாழ்வாரத்திலிருந்து கதவைத் திறந்து சரிசெய்யும்படி இருந்தால் நல்லது. கீழ்வீட்டைத் தட்டி, அவர்கள் குளியலறைக் கூரையைப் பிரித்தால்தான் முடியும் என்றால் ஒத்துக்கொள்ளாதே. சாவி வாங்கி 24 மாதம்வரை பழுதைக் கட்டியவரே சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகு நீங்களும் மேல்வீட்டுக்காரரும்தான்.

சுவரை உடைக்கவும் முடியாது. கட்டடத்தைத் தாங்குவதே அந்தச் சுவர்கள்தான். இதை எழுதும்போது நம் இரண்டு வீட்டுப் பலகைச் சுவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கூரைவரை எட்டாத சுவர். உங்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் சோறு இறங்கும். அடுப்படியில் ஒரு பலகையை உன் அப்பா பெயர்த்துவிட்டு, குழம்புக் கிண்ணம் போகும் அளவுக்கு ஓட்டை விட்டாரே. தோட்டத்துக் கணக்கர் கிராணி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனது இன்னும் எனக்கு ஆச்சரியம். அந்த லயமும் ஒரே அளவு வீட்டை வரிசையாகத் திரும்பத் திரும்பக் கட்டியதுதான். வசதி என்று ஒன்றும் கிடையாது, குழாய்க்கு வரிசை, மழைக்கு ஒழுக்கு. அந்தக் காலம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்னால் அஞ்சடி என்கிற பொது நடைத்திண்ணை இருந்தது. அங்கேதான் அம்மாக்கள் அரிசி புடைத்தார்கள், நாம் வீட்டுப்பாடம் எழுதினோம், உன் பாட்டி கடைசி இரண்டு வருடம் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். போகிற வருகிற எல்லோரும் நின்று பேசிவிட்டுப் போனதால் பாட்டிக்கு ஒருநாளும் தனியாக இருந்தோம் என்று இருந்திருக்காது.

பெட்டி வீட்டில் படுக்கையறை எத்தனை, ஓடு என்ன நிறம் என்று காட்டுவார்கள். வீட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டு, அதைத் தாண்டிச் சக்கர நாற்காலியும் போக இடம் இருக்குமா என்று யாரும் காட்ட மாட்டார்கள். எங்கள் யார்டில் வருகிற வரைபடங்களில் நான் பார்த்தவரை தாழ்வாரம்தான் முதலில் குறைகிறது. இது எனக்குப் பெரிய ஆத்திரம். உங்கள் மாடியில் எத்தனை கிழவிகள் இருக்கிறார்கள் என்று நீயே சொன்னாய். அவர்களுக்காகவாவது விட்டுக்கொடுக்காதே.

கையெழுத்துப் போடும் முன் உங்கள் மாடியின் வரைபடத்தைப் படம் பிடித்து அனுப்பு. குழாயும் தாழ்வாரமும் எங்கே, எத்தனை அடி என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். அம்மா உனக்காக மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார், அடுத்த வாரம் தம்பி கோலாலம்பூர் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

உன்
எட்டாம் நம்பர்