ஹெல்ப்லைன் எண்ணும் என் பிளக் ஸ்பேனரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மோட்டார் சைக்கிள் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தில். இரண்டாவது முறை, படித்தது சரிதானா என்று பார்க்க. வழியில் வண்டி நின்றால் சமாளிக்க இருபத்தேழு சாமான்களைப் பட்டியல் போட்டுவிட்டு, ஓரத்தில் ரோஸ் கலர் கட்டத்துக்குள் ஒரு வரி: "பெண்கள் இதையெல்லாம் சுமக்க வேண்டியதில்லை, கம்பெனி ஹெல்ப்லைன் எண்ணை செல்போனில் வைத்திருந்தாலே போதும்." உங்கள் கரிசனத்துக்கு நன்றி. 34 வருஷம் சுமந்து முடித்து, ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு வந்து சேர்ந்திருக்கிறது.

கிராம சுகாதார செவிலியருக்குப் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொல்லிமலை அடிவாரத்தில், அது சேலம் மாவட்டமாக இருந்த காலம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிவிஎஸ் 50-தான் எனக்குக் கால். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் வண்டி. ஆயில் ஒரு சொட்டு கூடினாலும், தீப்பொறி கொடுக்கிற பிளக்கில் கரி கட்டிக்கொள்ளும். 1995 டிசம்பர், முதல் போலியோ சொட்டு மருந்து முகாம். மரவள்ளிக் காட்டு வழியில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் மருந்துப் பெட்டி, அதற்குள் நாலு ஐஸ் பேக். வெயில் ஏற ஏற எனக்கு வயிற்றைக் கலக்கியது. சீட்டுக்கு அடியிலிருந்து பிளக் ஸ்பேனரை எடுத்துக் கழற்றி, உப்புத்தாளால் கரியைச் சுரண்டி, பெட்ரோலில் கழுவி மாட்டினேன். பத்து நிமிஷம். அதற்குள் சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, "கூட ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவராவது கேட்டதோடு போனார். நீங்கள் அச்சடித்து விற்கிறீர்கள்.

மொபெட்டெல்லாம் மோட்டார் சைக்கிளா என்பீர்கள். சரி, என் மகளின் 150 சிசி வண்டிக்கு வருவோம். போன தை மாதம் இருவரும் கொல்லிமலை போனோம். காரவள்ளியிலிருந்து மேலே போக எழுபது கொண்டை ஊசி வளைவு. நாற்பத்து மூன்றாவதில் கிளட்ச் கேபிள், லீவருக்குப் பக்கத்தில், பட்டென்று அறுந்தது. அந்த ஏற்றத்தில் கிளட்ச் இல்லாமல் வண்டியை நகர்த்துவது சர்க்கஸ்காரர்களுக்கே கஷ்டம். நீங்கள் சொன்ன ஹெல்ப்லைனையும் மகள் கூப்பிட்டாள். கொஞ்ச தூரம் கீழே நடந்தால்தான் சிக்னல். எதிர்முனையில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகப் பின்கோடு கேட்டாள். கொண்டை ஊசி வளைவுக்கு ஏதுங்க பின்கோடு? ஆள் வர மூன்று மணி நேரம் ஆகலாம் என்றாள்.

அவள் திரும்பி நடந்து வருவதற்குள் வேலையில் பாதி முடிந்திருந்தது. புது கேபிள் ஒன்றை, ஓடுகிற கேபிளோடு சேர்த்து டேப் சுற்றி, வண்டி வாங்கிய மாதமே கட்டி வைத்திருந்தேன். அப்போது மகள் சிரித்தாள். பழசின் இரு முனைகளையும் கழற்றி, புதுசை மாட்டி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இறுக்கி, லீவரில் கொஞ்சம் லூஸ் விட்டேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

சாமான் விஷயத்துக்கும் வருகிறேன். உங்கள் இருபத்தேழும் கடைக்காரருக்கு நல்லது. படத்தில் இருப்பது கம்பிச் சக்கரம் போட்ட, டியூப் உள்ள வண்டி. பட்டியலிலோ டியூப்லெஸ் டயருக்குக் குத்துகிற ரப்பர் கயிறு! டியூப் உள்ள டயருக்கு, அதைக் கழற்றும் லீவர் இரண்டு, ஒட்டு, சொல்யூஷன், கைப்பம்பு வேண்டும். முடிந்தால் ஒரு மாற்று டியூப். பின்சக்கர ஆக்சில் நட்டு வண்டிக்கு வண்டி அளவு மாறும், அதற்கான ஸ்பேனர் இல்லாவிட்டால் மற்ற இருபத்தாறும் வெறும் கனம். பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2020-க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள், பேட்டரி முழுக்கச் செத்தால் பெட்ரோல் பம்பே ஓடாது. நாள் முழுக்கத் தள்ளலாம், உடம்புக்கு நல்லது. என்னைக் கேட்டால், கிளம்புகிறவர் தன் வண்டியின் பின்சக்கரத்தை, கையில் இருக்கும் சாமானை மட்டும் வைத்து வீட்டு வாசலில் ஒருமுறை கழற்றி மாட்டட்டும். எது இல்லை என்று வண்டியே சொல்லும்.

புது வண்டியோடு கொடுக்கிற டூல்ஸ் பையைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு பிளக் ஸ்பேனர், காது குடையத்தான் ஆகும் என்கிற மாதிரி ஒரு ஸ்க்ரூ டிரைவர். முதல் சர்வீஸ் முடிந்து வந்தபோது எங்கள் வண்டியில் அதுவும் இல்லை. கேட்டால், "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா, பேசிக்கலாம்" என்றார்கள். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இதையெல்லாம் முன்பே உங்களுக்கு ஒரு கடிதமாக எழுதினேன். நாலே வரியாக வெட்டி, 'வாசகியர் சமையலறை' பக்கத்துக்குக் கீழே போட்டீர்கள். கூடவே ஒரு கத்தரிக்காய்ப் படம். ஏன் கத்தரிக்காய் என்று இன்றுவரை தெரியவில்லை.

கேட்க வந்தது சின்ன விஷயம்தான். கட்டுரையில், வண்டிச் செயினின் இரு முனைகளையும் சேர்க்கிற செயின் லாக்கின் படம் தலைகீழாக இருக்கிறது. அந்த லாக்கின் மேல் மாட்டும் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும், திறந்த வாய் பின்னால் இருக்க வேண்டும். மேல் பக்கச் செயினில் மாட்டும்போது மூடிய முனை இன்ஜினைப் பார்த்திருக்கும். உங்கள் படத்தைப் பார்த்து மாட்டினால், எங்காவது உரசி, கிளிப் கழன்று, செயின் அறுந்து சக்கரத்தில் சிக்கலாம். அடுத்த இதழில் சரியான படத்தைப் போடுங்கள். இந்தக் கடிதத்தையும் வெட்டத்தான் வேண்டுமென்றால் என் கோபத்தை வெட்டிக்கொள்ளுங்கள், இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்.