கிரிஸ்டலை மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறையில் பிள்ளைகளுக்கு ரிமோட் விமானம் பறக்கவிடக் கற்றுக்கொடுங்கள் என்று சென்ற ஞாயிறு நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். செல்போனைக் கீழே வைத்துவிட்டு மைதானத்துக்கு வா என்று சொன்னதற்கே உங்களுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: வெளிநாட்டு உறவினர் கொடுத்த பழைய ரேடியோ செட் (கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரும் விமானத்துக்குள் வைக்கும் ரிசீவரும்) வீட்டில் கிடந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம், பக்கத்தில் பறக்கவிடுபவரோடு அலைவரிசை மோதினால் செட்டின் அலைவரிசையைத் தீர்மானிக்கும் சின்னப் பாகமான கிரிஸ்டலை மட்டும் மாற்றிப் போட்டால் போதும் என்று. போதாது. அதை நம்பி யாராவது பரணில் இருந்து செட்டை இறக்குவதற்குள் இந்தக் கடிதம் அச்சேறினால் நல்லது.

முதலில் அந்த செட் எந்த நாட்டில் இருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் விமானத்துக்கு 72 மெகாஹெர்ட்ஸ், காருக்கும் படகுக்கும் 75. பிரிட்டனில் விமானத்துக்கு 35, தரையிலும் தண்ணீரிலும் ஓடுவதற்கு 40. ஆஸ்திரேலியாவில் 36. சித்தப்பா நியூஜெர்சியில் இருந்து கொண்டுவந்த டிரான்ஸ்மிட்டரும் மாமா லண்டனில் இருந்து கொண்டுவந்த ரிசீவரும் எந்தக் கிரிஸ்டலைப் போட்டாலும் ஒன்றோடொன்று பேசாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டே அந்தந்த நாட்டு அலைக்கற்றைக்கு என்று டியூன் செய்யப்பட்டது. அங்கே அனுமதி உள்ள அலைவரிசை இங்கேயும் அனுமதி உள்ளதுதான் என்று நாமாக முடிவு செய்துகொள்ளவும் முடியாது.

சரி, ஒரே நாட்டு செட்தான், இரண்டும் 72தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் டிரான்ஸ்மிட்டர் கிரிஸ்டல் வேறு, ரிசீவர் கிரிஸ்டல் வேறு. இரண்டின் மேலும் ஒரே சேனல் எண் அச்சிட்டிருக்கும், பார்க்க இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். ஆனால் சாதாரண ரிசீவரில் போடும் கிரிஸ்டலின் அலைவரிசை 455 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும். ‘டூயல் கன்வர்ஷன்’ என்று எழுதிய ரிசீவர் என்றால் அதற்கு இன்னொரு வகைக் கிரிஸ்டல், அதில் இடைவெளி 10.7 மெகாஹெர்ட்ஸ். போதாக்குறைக்கு, அந்தக் காலத்து ஃபுடாபா, ஜே.ஆர். என்ற இரண்டு கம்பெனி செட்டுகளும் சிக்னலை அனுப்பும் முறை ஒன்றுக்கொன்று தலைகீழ். சேனல் எண் சரியாக இருந்தாலும் ஒன்றின் டிரான்ஸ்மிட்டருக்கு மற்றதன் ரிசீவர் அப்படியே ஒத்துப்போகாது.

வேலையே செய்யாவிட்டால் பிரச்சினை இல்லை, விமானம் தரையிலேயே நிற்கும். அரைகுறையாக வேலை செய்தால்தான் வம்பு. வீட்டுக் கூடத்தில் சர்வோ (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சின்ன மோட்டார்) எல்லாம் ஜோராக அசையும், மைதானத்தில் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் போய்விடும், அப்புறம் 2 கிலோ எடையும் முன்னால் சுழலும் புரொப்பெல்லரும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எங்கே போய் இறங்கும் என்று யாரால் சொல்ல முடியும்? நம் ஊர் மைதானங்களில் பக்கத்திலேயே நாலு டீம் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் டிரான்ஸ்மிட்டர் கிரிஸ்டலை உபயோகிப்பவர் தானாக மாற்றக் கூடாது, தகுதியுள்ள டெக்னீஷியன் மாற்றி டியூன் செய்து தர வேண்டும் என்று விதியே வைத்திருந்தார்கள். சிக்னலை அனுப்பும் பகுதி பின்பக்கம் தனி மாட்யூலாகக் கழன்று வரும் செட் என்றால் மாட்யூலை மொத்தமாக மாற்றலாம்.

பக்கத்தில் பறக்கவிடுபவரோடு மோதுவதற்கும் கிரிஸ்டல் மட்டும் மருந்து இல்லை. அமெரிக்காவில் 72இல் விமானத்துக்கு 11 முதல் 60 வரை 50 சேனல்கள் இருந்தும், கிளப் மைதானங்களில் ஒரு பலகை வைத்து, அவரவர் சேனலுக்கு உரிய ஒரே கிளிப்பை எடுத்து ஆன்டெனாவில் மாட்டிக்கொண்ட பிறகுதான் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்வார்கள். வானத்தில் ஒருவர் விமானம் இருக்கும்போது அதே சேனலில் இன்னொருவர் காருக்குள் உட்கார்ந்து சும்மா ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தாலே போதும், அந்த விமானம் கை விட்டுப் போய்விடும். அந்தப் பலகை எந்த ஊர் மைதானத்தில் இருக்கிறது?

இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்தபின் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. நம் நாட்டில் 2005லேயே இந்த அலைக்கற்றையைக் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் இல்லாமல் திறந்துவிட்டார்கள். ரிசீவரை ஒருமுறை ‘பைண்ட்’ செய்துவிட்டால், அதாவது டிரான்ஸ்மிட்டரோடு ஜோடி சேர்த்துவிட்டால், அது தன் டிரான்ஸ்மிட்டரின் அடையாளத்தை மட்டும்தான் கேட்கும். பெரும்பாலான செட்டுகள் நொடிக்குப் பலமுறை தாமே அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருக்கும், நாம் கைவைக்கவே வேண்டாம். ஆனால் ஒரு கம்பெனி ரிசீவர் இன்னொரு கம்பெனி டிரான்ஸ்மிட்டரோடு சேரும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், பல நேரம் சேராது. பழைய விமானத்தில் சர்வோவும் மோட்டாரும் அப்படியே இருக்கட்டும், டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் மட்டும் மாறினால் போதும், சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. மாற்றியதும் ரிசீவரின் ஆன்டெனா நுனியை (வெறும் 3 சென்டிமீட்டர்தான் இருக்கும்) பேட்டரிக்கும் கார்பன் தகட்டுக்கும் பின்னால் மறைக்காமல் வையுங்கள். சிக்னல் போனால் த்ராட்டில் (மோட்டார் வேகம்) தானாக அணையும்படி ஃபெயில்சேஃப் வைத்து, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கும் ரேஞ்ச் டெஸ்ட் செய்யாமல் பறக்கவிட வேண்டாம், புது செட்டாக இருந்தாலும்.

கட்டுரையில் அந்த ஒரு வரிக்கு மட்டும் திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பழைய செட்டைக் குப்பையில் போடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. பல செட்டுகளில் பின்னால் டிரெய்னர் சாக்கெட் (கற்றுக்கொடுப்பவரின் செட்டோடு கேபிளில் இணைப்பதற்கான துளை) இருக்கும், அதற்கேற்ற யு.எஸ்.பி. கேபிளைப் போட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரோடு இணைத்துவிட்டால் பிள்ளைகள் விடுமுறை முழுக்க எத்தனை விமானத்தை வேண்டுமானாலும் இடித்துத் தள்ளலாம், அதற்கு எந்தக் கிரிஸ்டலும் தேவையில்லை.

இப்படிக்கு,
ரிமோட் விமானம் பறக்கவிடும் ஒரு வாசகர்,
கோவை