பூ தெரியுது, நட்டவர் பேர் தெரியல

ஆசிரியர் சாருக்கு வணக்கம். பெங்களூர்ல மார்ச் மாசம் ஊதா கலர்ல ஜக்கரண்டா பூத்தா எல்லாரும் ரோட்டுல நின்னு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறோம், ஆனா க்ரும்பீகல்னு சொன்னா யாருன்னு கேக்கறாங்க. ஜெர்மன்காரர், லண்டன் க்யூ கார்டன்ல வேலை பாத்துட்டு பரோடா வந்து, அங்கேருந்து 1908ல மைசூர் சமஸ்தானத்துக்கு வந்தவர், ஒரு மரம் பூத்து ஓஞ்சா அடுத்தது பூக்கணும், வருஷம் முழுக்க ஊர் கலரா இருக்கணும்னு பிளான் பண்ணி நட வெச்சார். லால்பாக் பூங்காவுல அவர் கைவேலை நிறைய இருக்கு. உலகப் போர் வந்தப்ப எதிரி நாட்டுக்காரர்னு பிடிச்சு வேற வெச்சாங்க, பாவம். அப்படியும் 1956ல சாகுற வரைக்கும் இங்கேதான் இருந்தார். போன மாசம் எங்க தெருவுல சாக்கடை வேலைன்னு ஒரு பூமரத்தை வெட்டிட்டு அந்தக் குழியில பேனர் கம்பம் நட்டிருக்காங்க சார். அடிமரம் இன்னும் ஓரமா ஈரமா கிடக்கு.

– ஒரு வாசகர், பெங்களூர்