இரண்டும் அசல்தான்

அன்புள்ள கயல்,

போனில் கேட்டாயே, "ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் அந்த மழைப் படம் நியூயார்க்கில் புரூக்ளின் மியூசியத்திலும் இருக்கிறது, மெட்ரோபாலிட்டனிலும் இருக்கிறது, எதுப்பா அசல்?" என்று. அவசரத்தில் சரியாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டும் அசல்தான். அது மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட படம். ஹிரோஷிகே தன் கையால் வரைந்த தாள்தான் இல்லாமல் போயிற்று. மெல்லிய தாளில் வரைந்ததைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, அதன் மேலேயே செதுக்குவார்கள். உளி இறங்க இறங்க ஓவியம் அழிந்துவிடும். அப்புறம் அந்தப் பலகைகளிலிருந்து அச்சான ஒவ்வொரு தாளும் அசல்.

1857இல் வந்த படம். எடோ நகரம் (இன்றைய டோக்கியோ), சுமிதா ஆறு, ஷின் ஓஹாஷி பாலம். திடீர் மழையில் ஜனங்கள் குனிந்து ஓடுகிறார்கள். ஆற்றில் ஒருவன் மட்டும் தன்பாட்டுக்குத் தெப்பம் தள்ளிப் போகிறான். அந்த மழைக் கோடுகளை நன்றாகப் பாரம்மா. அவை மரத்தில் கீறியவை அல்ல. கோட்டை மட்டும் மேடாக நிற்கவிட்டு, சுற்றியுள்ள மரத்தை எல்லாம் எடுத்திருக்கிறார்கள். அதுவும் இரண்டு பலகைகளில், சற்றே வேறுபட்ட சாய்வில். கல்லூரியில் அச்சுக்காக லினோலியத் தகடு செதுக்கியவன் நான். மயிரிழை போன்ற ஒரு கோட்டை முறியாமல் நிறுத்துவது எவ்வளவு பாடு என்று தெரியும். அந்தச் செதுக்குக்காரரின் கையை நினைத்தால் இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

டச்சு ஓவியர் வான்கோ 1887இல் இதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அருமையான படம்தான். ஆனால் இந்த மெல்லிய மழை அதில் இல்லை.

மேலே இருக்கிற கருமேகம் அச்சடிப்பவரின் வேலை. ஒவ்வொரு தாளுக்கும் ஈரப் பலகையில் மையைத் துடைத்துத் துடைத்துக் கரைத்துவிட வேண்டும். அதனால் ஒரு தாளின் வானம் இன்னொன்றில் அப்படியே வராது.

வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும் என்பதால் இவற்றை எப்போதாவதுதான் மாட்டுவார்கள். இந்தப் படம் அடங்கிய 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' தொகுப்பு முழுவதையும் புரூக்ளினில் 2024இல் வைத்தார்கள், 24 வருடம் கழித்து. மறுபடி வைத்தால் வேலையை ஒதுக்கிவிட்டுப் போய்ப் பார். அதுவரை இரண்டு மியூசியங்களின் இணையதளத்திலும் படத்தைப் பெரிதாக்கி, மேகத்தை ஒப்பிட்டுப் பார்த்து, எது பிடித்தது என்று எழுது. எனக்கு மேகம் கனத்துத் தாழ இறங்கும் பிரதிதான் பிடிக்கும்.

அன்புடன்,
அப்பா