டி.டி.எஸ். மீட்டரும் யுரேனியமும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்னையின் தெற்குப் பகுதிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று வாரங்களாகச் சுற்றிவரும் காணொளியை உங்களில் பலர் எனக்கே அனுப்பியிருந்தீர்கள். நாங்கள் பொருத்திய யுரேனிய வடிகட்டிக்குள் செல்லும் போர்வெல் தண்ணீரிலும், அதிலிருந்து வெளிவரும் தண்ணீரிலும் வேறொரு நிறுவனத்தின் பிரதிநிதி டி.டி.எஸ். மீட்டரை வைத்துக் காட்டுகிறார். இரண்டிலும் 900 என்றே வருகிறது. உடனே, "வெறும் மணலை நிரப்பி விற்றிருக்கிறார்கள்" என்கிறார். அந்தச் சொல் என்னை மிகவும் புண்படுத்தியது; ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த மீட்டர் தண்ணீரின் மின்கடத்து திறனை அளந்து, அதிலிருந்து கரைந்துள்ள மொத்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டுக் காட்டும் கருவி. குடிநீரில் யுரேனியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வகுத்த வழிகாட்டு அளவோ லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், அதாவது 0.03 மில்லிகிராம். 900 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரில் அது முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் கிணற்றில் 90 மைக்ரோகிராம் இருந்து, அதை ஒரு துளியும் மிச்சமின்றி நாங்கள் நீக்கிவிட்டாலும், மீட்டர் 900 என்றுதான் காட்டும். உப்பைக் குறைப்பது இந்த வடிகட்டியின் வேலையே அல்ல. யுரேனியத்தை அளக்க ஐ.சி.பி.எம்.எஸ். போன்ற ஆய்வகக் கருவி வேண்டும். கையில் பிடிக்கும் மீட்டரால் முடியாது.

மணல் என்பதையும் நான் மறுக்கவில்லை. வடிகட்டிக் கலனின் மேல் அடுக்கில் இருப்பது மணல்தான். ஆனால் ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஆக்சைடு பூச்சு இருக்கிறது. தண்ணீரில் கரைந்துள்ள யுரேனியம் அந்தப் பூச்சின் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. கீழ் அடுக்கில் அபடைட் என்னும் பாஸ்பேட் கனிமம் இருக்கிறது. பாஸ்பேட்டோடு சேர்ந்த யுரேனியம் எளிதில் மீண்டும் கரைவதில்லை. கொதிக்கவைத்தால் யுரேனியம் போகாது. நீர் ஆவியாகும் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். யு.வி. விளக்காலும் பயனில்லை. ஆர்.ஓ. அதை நன்றாகவே நீக்கும் என்பதை நேர்மையாகச் சொல்கிறேன். ஆனால் அது கழித்துவிடும் தண்ணீரின் அளவை நினைத்தே, கோடையில் டேங்கர் லாரியை நம்பியிருக்கும் குடியிருப்புகளுக்குக் இந்தக் கனிம மீடியாவை, அதாவது மேலே சொன்ன மணலும் அபடைட்டும் கொண்ட நிரப்பியைப் பரிந்துரைத்தோம்.

பயத்தைக் காட்டி விற்கிறோம் என்ற குற்றச்சாட்டும் அதே காணொளியில் உண்டு. சென்னையின் எல்லாப் போர்வெல்லிலும் யுரேனியம் இருப்பதாக நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. ஆய்வறிக்கையில் யுரேனியம் 30 மைக்ரோகிராமைத் தாண்டாத எந்த வீட்டுக்கும் இதை விற்றதில்லை. மெட்ரோ வாட்டர் மட்டுமே குடிப்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறோம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு 60 என்றிருந்தும், சிறுநீரகத்துக்கு யுரேனியம் செய்யும் வேதியியல் தீங்கைக் கருதி 30-ஐயே எங்கள் அளவாகக் கொண்டோம்.

எங்கள் வடிகட்டிக்கும் ஒரு வரம்பு உண்டு: பைகார்பனேட்டும் கால்சியமும் மிகுந்த தண்ணீரில் யுரேனியம் அவற்றோடு பிணைந்து கரைந்தே நிற்கும் என்பதால் மீடியா விரைவில் தீர்ந்துவிடுகிறது. இரண்டு குடியிருப்புகளில் பொருத்திய பத்தாம் மாதத்தில் எடுத்த மாதிரி 30-ஐச் சற்றுத் தாண்டியதைக் கண்டு உடனே மீடியாவை மாற்றிக் கொடுத்தோம், இனி அத்தகைய இணைப்புகளுக்கு மாற்றும் காலம் ஓராண்டுக்குப் பதில் எட்டு மாதம், கட்டணம் பழையதே.

2019 கோடையில் போர்வெல்கள் வற்றி, வடிகட்டிக்கு வேலையே இல்லாத நாட்களிலும் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்து எங்கள் ஊழியர்களின் சம்பளம் நிற்காமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள். இந்தக் காணொளி வந்த பின்னும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுப்போம் என்று காத்திருந்தவர்களும் நீங்களே. அந்த நன்றியை நான் மறக்கமாட்டேன்.

ஐயம் உள்ள எந்தக் குடியிருப்பிலும், சங்கச் செயலாளரின் முன்னிலையில் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு எங்கள் செலவில் அனுப்புகிறோம். அறிக்கை நேரடியாக உங்களுக்கே வரட்டும். கழற்றிய பழைய மீடியாவில் யுரேனியம் தங்கியிருக்கும். அதைத் தொட்டிச் செடிகளுக்கோ குப்பைக்கோ போட்டுவிடாமல் எங்கள் ஊழியரிடமே ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்